செருப்பில் ஏறாத நிழல்

எட்டு மணிக்குத்தான் மண்டபம் திறக்கும் என்று அறிவிப்பு. ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஆளுக்கொரு குழந்தை. அழுகிற குழந்தை, அழுது முடித்த குழந்தை, பக்கத்து வரிசைக் குழந்தை அழுவதைப் பார்த்து இனி அழலாமா என்று யோசிக்கிற குழந்தை. பெற்றவர்கள் மட்டும் சிரித்த முகமாக நின்றார்கள். இருக்காதா பின்னே? உள்ளே தவழ்குறி ஐயா வந்துவிட்டாராம்.

கைரேகைக்காரர் கையைப் பார்ப்பார். நட்சத்திரக்காரர் வானத்தைப் பார்ப்பார். நம் ஐயா தரையைப் பார்க்கிறவர். தவழ்கிற குழந்தை வீட்டுக்குள் எங்கெங்கே போகிறது, எதையெதைத் தொடுகிறது என்று ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதிக்கொடுத்தால் போதும். அந்த வீட்டில் முன்னால் குடியிருந்தவர்களின் நிழல் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது, எந்தச் சாமானில் ஏறியிருக்கிறது என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார். ஓட்டை வாளியைக்கூட விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு காலி செய்கிறவன் நிழலை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று அந்த வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை.

"பெரியவங்க கண்ணுக்கு நிழல் தெரியாது. பிள்ளைக் கண்ணுக்குத் தெரியும்," என்றார் ஐயா மைக்கில். "அது தொடுற சாமான்ல நிழல் இருக்கு. அதனாலதான் தொடுது! நோட்டுல பேர் எழுதாதீங்க, சாமானை மட்டும் எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு. நோட்டை வேற யாருக்கும் காட்டக் கூடாது. காட்டினா உங்க வீட்டு நிழல் அவங்க வீட்டுக்குத் தாவும். அவங்க வீட்டு நிழல் உங்க வீட்டுக்குத் தாவும்."

கூட்டம் மொத்தமும் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. வாசலில் எல்லாருக்கும் கொடுத்திருந்த பச்சை அட்டை நோட்டு.

அந்தக் கூட்டத்தில் அணைக்காமல் நின்றவள் ஒருத்தி. சட்டை தைக்கிற ஆலையில் செக்கிங் வேலை பார்க்கிறவள். தைத்து வருகிற சட்டைகளைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் செக்கிங்காரி. அவளை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள் புருஷன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாயில் ஒட்டிய சீட்டில் ஒரு எழுத்து அழிந்திருந்தால்கூட வாங்க மாட்டார், மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். அவ்வளவு கறாரான மனிதர், வேலை முடிந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றும்போது மூளையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வருவார். இன்னொருத்தி அவருடைய அக்கா. தம்பி பாதி நம்பினால் அவள் முழுதாக நம்புவாள்.

செக்கிங்காரியின் மகளுக்குப் பத்து மாதம். வீட்டில் எல்லாரும் வண்டு என்று கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற பிள்ளை, ஓரிடத்தில் நில் என்றால் நிற்காது.

லேப்காரர் ஏழு நாள் லீவு எடுத்து, பரிசோதனைக் கூடத்துப் பழக்கத்தில் நேரம் போட்டு நோட்டு எழுதினார். "காலை 7.10: செருப்பு. நக்கினாள். 7.14: மற்றக் கால் செருப்பு. 7.20: பாத்திர மூடிகளை வெளியே எடுத்தாள். 7.22: உள்ளே போட்டாள். 7.23: வெளியே எடுத்தாள்." இப்படி நான்கு பக்கம். சார்ஜர் வயரை இழுத்தது, துவைக்கும் மெஷினுக்குள் தலையை விட்டுக் கத்தி, தன் குரலே திரும்பி வருவதைக் கேட்டு மிரண்டு, உடனே மறுபடியும் கத்தியது, கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்தது, எல்லாம் பதிவாகின. படித்துப் பார்த்த செக்கிங்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேலைக்குப் போய்விடுவதால் அவள் கண்ணில் படாமல் போன மகளின் பகல்பொழுதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. உள்ளபடியே அவளுக்கு அந்த நோட்டைப் பிடித்துப்போனது.

எட்டாம் நாள் ஐயா வீட்டுக்கு எழுந்தருளினார். கூடவே அவருடைய மச்சான், ஒரு சிவப்புச் சாக்குப் பையும் சுருட்டிய பாயுமாக.

ஐயா நோட்டைக் கையில் வாங்கினார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். சாமான் பெயர் வந்த இடத்தில் மட்டும் விரல் நின்றது. பிறகு நிழல் தேடப் புறப்பட்டார். அலமாரியைத் திறந்தார். அடி இழுப்பறையை இழுத்தார். கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தார். பளபளப்பாக எது தெரிந்தாலும், "அது என்னது?" என்று கையை நீட்டினார். தேநீரோடு வைத்த பிஸ்கட்டில் ஒன்பது உள்ளே போனது. செக்கிங்காரியின் கத்தரிக்கோல் கண்ணில் பட்டதும் அதையும் எடுத்தார். நல்ல எஃகு.

"ஐயா, அது என் தொழில் சாமான். பிள்ளை கை எட்டாத உயரத்துல மாட்டியிருக்கேன். அவ தொட்டதே இல்ல," என்றாள்.

ஐயாவின் உதடு பிதுங்கியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லேப்காரர் பதறிப்போய்த் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டிய பிறகுதான் அந்த முகம் மலர்ந்தது.

"இதைப் பிள்ளை தொட்டாளா?"

"தொட்டாளுங்க ஐயா. வாயில வெச்சுக் கடிச்சா."

"போச்சு! முழுக்க ஏறியிருக்கு. பையில போடு மச்சான்."

கடிகாரம் போனது. வெள்ளிக் கிண்ணம் போனது. ரேடியோ போனது. எல்லாவற்றையும் நாற்பது நாள் அடக்கி வைத்து, பிறகு ஆற்றில் கரைத்துவிடுவாராம். ரேடியோ எந்த ஆற்றில் கரையும் என்று கேட்கத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லையா? இருந்தாள்.

"ஐயா, நோட்டைப் பாருங்க. அவ அதிகமா தொட்டது செருப்பைத்தான். ஒரு நாளைக்கு இருபது தடவை. அதையும் கொண்டு போங்களேன்."

"தோல்ல நிழல் நிக்காதும்மா."

"கடிகாரத்துக்கும் தோல் பட்டைதானேங்க?"

நாத்தனார் அவள் முதுகில் கிள்ளினாள். ஐயா அவளைப் பார்க்காமல் லேப்காரரைப் பார்த்துப் பேசினார். "சாமான்ல இருந்ததை நான் எடுத்துட்டேன். தரையில இருக்கிறது இன்னும் இருக்கு. இது நிழலைக் கட்டுற கட்டுப் பாய். இதை விரிச்சு பிள்ளையை அதுலயே வைங்க. நாப்பது நாள். ஒரு விரல் பாயைத் தாண்டித் தரையில பட்டாலும் குடும்பத் தலைவன் உயிருக்கு நான் பொறுப்பு இல்ல."

குடும்பத் தலைவனின் முகம் வெளுத்துவிட்டது. சிவப்புக் கரை போட்ட பாய் கூடத்தின் நடுவில் விரிந்தது.

முதல் மூன்று நாள் வண்டு கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். பாயின் ஓரத்துக்கு வருவாள். நாத்தனார் தூக்கி நடுவில் வைப்பாள். மறுபடி வருவாள், மறுபடி தூக்கி வைப்பாள். மூடி இல்லை, கதவு இல்லை, இழுப்பறை இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து கத்தல் குறைந்தது. ஒன்பதாம் நாள் ஓரத்துக்கு வருவதே நின்றுபோனது. நடுப்பாயில் உட்கார்ந்து கட்டை விரலைச் சப்பிக்கொண்டு சும்மா இருந்தாள்.

"பாத்தியா, நிழல் இறங்குது. பிள்ளை எவ்வளவு சமத்தாயிட்டா," என்றாள் நாத்தனார்.

"அண்ணி, பாய் வர்றதுக்கு முந்தின நாள் நாற்காலிக் காலைப் புடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கப் பாத்தா. முட்டி வரைக்கும் வந்துட்டா. இப்ப நாற்காலியைக் காட்டினாக்கூட திரும்ப மாட்டேங்கறா."

"தம்பி உயிரா, நாற்காலியா? நீயே சொல்லு."

செக்கிங்காரி புருஷனிடம் போனாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னும் முப்பது நாள்தானே," என்றார். அன்று காலை வேலைக்குப் போகிற பேருந்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் அழுதபோதுகூட அவளுக்கு அவ்வளவு பயமில்லை. அழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் பயந்தாள்.

ஆலையில் அவளுக்குப் பக்கத்து மேசையில் பட்டன் தைக்கிறவள், அவளுடைய சிநேகிதி. அவளுக்கும் பதினோரு மாதத்தில் ஒரு பையன். சாப்பாட்டு வேளையில் பட்டன்காரி டப்பாவைத் திறந்தாள், சாப்பிடாமல் மூடினாள்.

"என்னடி?"

"என் பையன் நேத்து பூரா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்டி."

"பாய் போட்டிருக்கீங்களா?"

பட்டன்காரி தலையைக் குனிந்தாள். "மாமியாரோட வளையல், டார்ச் லைட்டு, என் செல்போன் எல்லாம் பையில போயிடுச்சு."

"உன் நோட்டை எனக்குக் காட்டு. என்னதை நீ பாரு."

"ஐயய்யோ! தாவிடும்டி!" என்று காதைப் பொத்திக்கொண்டாள் பட்டன்காரி.

செக்கிங் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கழுத்து கோணல் என்று சொல்லக் கூடாது. பக்கத்தில் இன்னொன்றை விரிக்க வேண்டும். ஒரே மாதிரி ஐம்பது சட்டையும் கோணலாக இருந்தால், கோணல் சட்டையில் இல்லை, வெட்டுகிற அளவு அட்டையில் இருக்கிறது. இப்போது அவளுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. அந்த மண்டபத்தில் இருந்தது முந்நூறு நோட்டு. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை விரிக்க விடாமல் வைத்திருக்கிறார் அந்த மனிதர். அவருடைய மொத்த வித்தையும் அந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது.

ஆனால் பயந்தவர்களிடம் நியாயம் பேசினால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். சிரிப்பு வந்தால் மட்டும்தான் அந்தக் கை காதை விட்டு இறங்கும். ஆலையிலிருந்து திரும்பும்போது அவள் கடையில் ஒரு பச்சை அட்டை நோட்டு வாங்கினாள். ஒரே ஒரு பக்கம் எழுதினாள். ஐயா சொன்னபடியே பேர் எழுதவில்லை. ஒரு பொய்கூட எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மண்டபம். பாய் வாங்கினவர்கள் எல்லாரும் பாயோடும் பிள்ளையோடும் வர வேண்டுமென்று உத்தரவு. இதற்கிடையில் பிள்ளை புதிதாக எதையாவது தொட்டிருந்தால் அந்தச் சாமானையும் கொண்டுவர வேண்டும். மண்டபம் முழுக்கச் சிவப்புக் கரைப் பாய்கள். பாய்க்கொரு பிள்ளை. மேடை ஓரத்தில் மச்சான், வாய் பிளந்த சாக்குப் பையோடு.

ஐயா வழக்கம்போல நோட்டுகளை வாங்கி, மனசுக்குள் படித்து, வாய்விட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். செக்கிங்காரி வண்டுவைப் பாயோடு புருஷன் பக்கத்தில் விட்டுவிட்டு மேடைக்குப் போய் நோட்டை நீட்டினாள்.

"எத்தனை மாசம்?"

"நோட்டைப் பாத்தே சொல்லிடுவீங்கன்னு சொன்னாங்க ஐயா."

விரல் மேலிருந்து கீழே ஓடியது. கடிகாரத்தில் நின்றது, வெள்ளிக் கிண்ணத்தில் நின்றது, ரேடியோவில் நின்றது. மற்ற வரியெல்லாம் அவருக்கு எதற்கு? "பதினோரு மாசம். ஆண் பிள்ளை."

"ஆண்தாங்க."

கூட்டம் வாயைப் பிளந்தது.

"உங்க பிள்ளையா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்கு வந்திருந்துச்சு. ரெண்டு மணி நேரம்தான் இருந்துச்சு. அதுக்குள்ள இவ்வளவும்."

"ரெண்டு மணி நேரத்துலயா!" ஐயா எழுந்தே விட்டார். மைக்கைக் கையில் எடுத்தார். "எல்லாரும் கேளுங்க. இந்த மாதிரி நோட்டை நான் பாத்ததே இல்ல. இந்தப் பிள்ளை மேல ஏழு வீட்டு நிழல் ஏறியிருக்கு. இது நுழைஞ்ச வீடு விளங்காது. இது தொட்ட சாமான் திரும்பி வராது. இதை எந்த வீட்டு வாசப்படியையும் மிதிக்க விடாதீங்க! உடனே ஒரு பாயில உக்கார வைங்க. நாப்பது நாள் எழுந்திரிக்கவே விடக் கூடாது."

"ரொம்ப சரிங்க ஐயா. இப்பவே ஒரு பாய் விரிக்கட்டுமா?"

"பிள்ளை எங்க?"

"மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க."

மண்டபத்துக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அதற்குள் அவள் நோட்டைத் திருப்பி வாங்கிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். ஆலைச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல், மைக் வேண்டியதில்லை.

"போன வாரத்துக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை, தவழ்குறி ஐயா எங்க வீட்டுக்கு வந்தாரு. வந்ததும் அலமாரியைத் திறந்தாரு. அடி இழுப்பறையை இழுத்தாரு. கட்டிலுக்குக் கீழ தலையை விட்டாரு. பளபளன்னு எதைப் பாத்தாலும் கையை நீட்டினாரு. ஒம்பது பிஸ்கட்டு சாப்பிட்டாரு. கத்தரிக்கோல் தரலேன்னதும் உதட்டைப் பிதுக்கினாரு. கடிகாரம் குடுத்ததும் சிரிச்சாரு. வெள்ளிக் கிண்ணம், ரேடியோ எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டாரு."

பின்வரிசையில் யாரோ ஒருவருக்குக் களுக்கென்று சிரிப்பு வந்தது. அவ்வளவுதான். ஒரு டாக்ஸி டிரைவர் எழுந்து, "எங்க வீட்லயும் இதே கூத்துதான்! டேப் ரெக்கார்டர் தரலேன்னு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டாரு!" என்றார். மண்டபம் குலுங்கியது.

"அபசாரம்!" என்று கத்தினார் ஐயா. "நோட்டை வாய்விட்டுப் படிச்சுட்டா! இப்ப தாவும் பாருங்க!"

"தாவட்டும்," என்ற செக்கிங்காரி, வண்டுவின் நோட்டையும் பிரித்தாள். "இது என் மகளோடது. காலையில செருப்பு. நக்கினா. அப்புறம் மத்தக் கால் செருப்பு. பாத்திர மூடியை வெளிய எடுத்தா, உள்ள போட்டா, வெளிய எடுத்தா. சார்ஜர் வயரை இழுத்தா."

"ஏய், நில்லு நில்லு!" பட்டன்காரி தன் நோட்டை விரித்துக்கொண்டு எழுந்தாள். பயம் முகத்தில் அப்படியே இருந்தது. அதையும் மீறி எழுந்தாள். "என் பையனும் செருப்புதான்டி! மூடிதான்! வயர்தான்!"

"எங்க வீட்லயும் செருப்பு!"

"எங்களதுல முதல் பக்கமே செருப்புதான்!"

மூன்று வாரமாக நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த நோட்டுகள் கை மாறின. ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். உலகத்தில் தவழ்கிற பிள்ளை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கிறது என்ற மகா ரகசியம் முந்நூறு குடும்பத்துக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. நோட்டுக்கு நோட்டு வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: எந்த வீட்டில் என்ன விலையுயர்ந்த சாமான் இருந்தது என்பது. திருடன் சுவரேறிக் குதித்து, இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க வேண்டிய விவரத்தை இவர்கள் அழகான கையெழுத்தில், நேரம் போட்டு, தாங்களே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாருக்கும் இரண்டு கையும் நோட்டுக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. நடுவரிசையில் ஒரு பிள்ளை பாயின் ஓரத்துக்கு வந்தது. கரையைப் பார்த்தது. ஒரு கையைத் தரையில் வைத்தது. எந்தக் குடும்பத் தலைவனும் சுருண்டு விழவில்லை. இன்னொரு கையையும் வைத்தது. பிறகு எந்தப் பாயிலும் பிள்ளை இல்லை.

பிள்ளைகளுக்கு மைதானத்தையே கொடுத்தாலும் வாய் திறந்த ஒரு பையைப் பார்த்துவிட்டால் வேறெதுவும் வேண்டாம். சாக்குப் பை சாய்ந்தது. ஒன்று டார்ச் லைட்டை இழுத்தது, ஒன்று வளையலைக் கவ்வியது, ஒன்று பைக்குள்ளேயே போய்விட்டது. "ஐயோ, விடு! விடு!" என்று மச்சான் பாய்ந்து கையை நீட்டினான். நீட்டிய கையில் சட்டைக் கை மேலே ஏறியது.

மகளைத் தேடி மேடைக்கு ஓடி வந்திருந்த லேப்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பட்டை அறுந்து, பழுப்பு நூல் கிடைக்காமல் தன் மனைவி நீல நூலில் தைத்துக்கொடுத்த அதே கடிகாரம்.

"இதுதானே ஆத்துல கரையப் போறது?" என்றார். மச்சானின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. சோதனைக்கு மாதிரி கிடைத்துவிட்டது, இனி மனிதர் கறார்தான்.

ஐயாவை எங்கே காணோம்? மேடைத் துணி அசைந்தது. ஊரெல்லாம் தவழ்வதற்குப் பலன் சொன்ன மகான் தானே தவழ்ந்துகொண்டிருந்தார், பின்வாசலை நோக்கி. டாக்ஸி டிரைவர் காலைப் பிடித்து இழுத்து, ஒரு கட்டுப் பாயில் உட்கார வைத்தார். "ஒரு விரல் தரையில பட்டுச்சு, அப்புறம் உங்க உயிருக்கு நான் பொறுப்பு இல்ல," என்றார். போலீஸ் வரும்வரை ஐயா விரலை மடக்கிக்கொண்டு மிகச் சமத்தாக உட்கார்ந்திருந்தார். சாமான்களெல்லாம் மச்சானின் பழைய சாமான் கடையில் இருந்தன. பாதி விற்றுப்போயிருந்தது.

இந்த அமளியில் செக்கிங்காரி மகளைத் தேடினாள். வண்டு மைக் கம்பத்தின் அடியில் இருந்தாள். கம்பத்தைத் தட்டிப் பார்த்தாள். பிடித்து ஆட்டினாள். முட்டி போட்டாள். ஒரு காலை ஊன்றினாள், வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். எழுந்து நின்றாள். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்க, தானே நின்றாள். ஐயா விட்டுவிட்டு ஓடியதில் வயரில் தொங்கிக்கொண்டிருந்த மைக் வாய்க்கு நேரே வந்ததும் அதைக் கவ்வினாள். நான்கு ஒலிபெருக்கியிலும் "ப்ப்பூ" என்று எச்சில் தெறித்தது.

செக்கிங்காரி அத்தனை பேர் நடுவிலும் ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "நாம என்னம்மா கண்டோம்? பெரிய மனுஷன் சொன்னா நம்பத்தானே வேண்டியிருக்கு," என்றாள். "பக்கத்துத் தெருவுல பிள்ளைங்க தும்மலை வெச்சுப் பலன் சொல்ற அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்களாம். அவங்க நல்ல மாதிரின்னு கேள்வி."

லேப்காரர் அக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வண்டு இன்னும் மைக்கை விடவில்லை. இந்தப் பக்கம் கடித்தாள், திருப்பி அந்தப் பக்கம் கடித்தாள்.

"விடுங்க அண்ணி," என்றாள் செக்கிங்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பல்லே முளைக்காதது எதையும் கடிச்சுப் பாக்காம விட மாட்டேங்குது. முப்பத்திரண்டு பல்லும் முளைச்ச நாமதான் அப்படியே முழுங்குறோம்."